அறுந்த இழைக்கு ஒரு கட்டம் இல்லை

மார்ச் இரண்டாம் வாரம் பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் ஓர் எக்செல் கோப்பு சுற்றுக்கு வந்துவிடும். ஆண்டு விழாவில் முதல்வர் வாசிக்கப்போகும் ஆண்டறிக்கைக்குத் தகவல் திரட்டும் படிவம் அது. மெக்கானிக்கல் துறைக்காக அதை நிரப்பிக் கொடுக்கும் வேலை எட்டு வருடங்களாக என் தலையில்தான் விடிகிறது. கோப்பில் மூன்று தாள்கள்: கற்பித்தல், ஆராய்ச்சி, புத்தாக்கம். ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது கட்டங்கள். ‘இன்று மாலை 4 மணிக்குள் அனுப்பவும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். கெடு என்றைக்குமே இன்று மாலை 4 மணிதான்.

கொங்கு மண்டலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருபது வருடங்களாக ஆசிரியராக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். தமிழ்நாட்டில் நானூற்றுச் சொச்சம் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எதன் பெயரைப் போட்டாலும் கதையில் பெரிதாக மாற்றம் இருக்காது. இந்த முறை படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது மேசைக்கடியில் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால், போன மே மாதம் வைவா முடிந்து மாணவர்கள் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரு புராஜெக்ட். இதை எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்தேன். இடம் அகப்படவில்லை.

அது விசைத்தறிக்கான கருவி. குமாரபாளையத்து மாணவர் ஒருவர், நண்பர்கள் மூவரோடு சேர்ந்து செய்தது. அவருடைய அப்பா ஆறு தறி வைத்து ஓட்டுபவர். சாதாரண விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அதற்கு ஏற்பாடு உண்டு. பாவு இழை அறுந்தால், பழைய தறிகள் பெரும்பாலானவற்றில் அப்படி எதுவும் கிடையாது. ஓட்டுகிறவருடைய கண்தான் கருவி. ஒரே ஆள் நாலு தறியைப் பார்க்கும்போது ஒன்றில் இழை அறுந்து, அதைக் கவனிப்பதற்குள் ஒரு முழம் துணி ஓடியிருக்கும். துணியில் கோடு விழும். எடுக்கிறவர் அதற்குக் கழித்துக்கொண்டுதான் பணம் தருவார்.

விலை கூடிய தானியங்கித் தறிகளில் இதற்குத் தீர்வு நெடுங்காலமாகவே இருக்கிறது. ஒவ்வொரு பாவு இழையிலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும், விழுந்த தகடு மின்சுற்றை இணைக்கும், தறி நின்றுவிடும். இதையே அப்பாவின் பழைய தறியில் சில நூறு ரூபாய்ச் செலவில் பொருத்த முடியுமா என்பதுதான் பையன்களின் கேள்வி. எல்லா இழைக்கும் தகடு மாட்டினால் கட்டுபடியாகாது. அதனால் அதிகம் அறுகிற இரண்டு ஓரங்களுக்கு மட்டும் மாட்டிப் பார்த்தார்கள்.

கல்லூரிப் பட்டறையில் கருவி அருமையாக வேலை செய்தது. தறிக்கூடத்தில் மாட்டிய முதல் நாளே மானம் போயிற்று. இழை அறுந்தபோது தறி நிற்கவில்லை, அறுகாதபோது நின்றது. காரணம் பிடிபட மூன்று வாரம் ஆனது. தறி ஓடும் அதிர்வில் தகடுகள் துள்ளிப் போய்க் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தன. அது பொய்யாக நின்றதற்கான காரணம். நிஜமாக அறுந்தபோது நிற்காததற்குக் காரணம் பஞ்சு. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சும் பாவிலிருந்து உதிரும் கஞ்சித் தூளும் கம்பியின் மேல் மெத்தைபோலப் படிந்துவிட, தகடு விழுந்தாலும் மின்சாரம் பாயவில்லை. முதல் சிக்கலுக்கு வழி கிடைத்தது: தொட்டவுடன் நிற்காமல், தொட்டது தொட்டபடியே கால் நொடி இருந்தால் மட்டும் நிற்கும்படி மாற்றினார்கள். பஞ்சுக்கு வழி கிடைக்கவில்லை. செமஸ்டர் முடிந்துவிட்டது.

வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் புதுமை என்ன?” என்று கேட்டார். பையன் மறைக்கவில்லை. “சார், இது ஏற்கெனவே இருக்கறதுதானுங்க. எங்க தறிக்கு இல்லீங்க.” இருபது வருடத்தில் ஒரு மாணவர் வாயிலிருந்து நான் கேட்ட ஆகச்சிறந்த பொறியியல் விளக்கம் அது. மதிப்பெண்ணில் அவருடைய அணி கீழ்வரிசைக்குப் போனது. மேலே வந்தது, கையைக் காட்டினால் மூடி திறக்கும் ‘ஸ்மார்ட் குப்பைத்தொட்டி’. புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் நிரலும் சுற்றும் அறிக்கையும் பிரசன்டேஷனும் பைண்டிங் செய்து கையில் தந்துவிடுவார்கள். அந்தக் குப்பைத்தொட்டியை நான் பத்து வருடமாக வெவ்வேறு பெயர்களில் பார்த்துவருகிறேன். மூடி திறக்கும்போதெல்லாம் பழைய நண்பர் ஒருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வதுபோல இருக்கும்.

சரி, படிவத்துக்கு வருவோம். முதல் தாள், கற்பித்தல். இதில் தேர்ச்சி விகிதம் கேட்பார்கள். ஆசிரியர்கள் கலந்துகொண்ட பயிலரங்குகளின் எண்ணிக்கை கேட்பார்கள். பிறகு ‘சிஓ-பிஓ’ கணக்கு. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் அடைய வேண்டிய பலன்கள் ஐந்தாறு எழுதி, பட்டப்படிப்பு முழுவதும் அடைய வேண்டிய பலன்களோடு அவற்றை ஒரு அட்டவணையில் பொருத்தி, ஒவ்வொரு பொருத்தத்துக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். இதில் பரிகாரம் கிடையாது, ‘ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட்’ உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானதையொட்டி வந்து சேர்ந்த ஏற்பாடு இது. பாடத்தை நடத்தினேனா என்பதைவிட மாணவன் கற்றானா என்று கேள் என்பதே அதன் அடிப்படை. நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு விடையாக இப்போது கல்லூரிகள் காட்டுவது அட்டவணையை, மாணவனை அல்ல.

இந்த ஆண்டு என் வகுப்பில் நடந்தது என்ன? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, கலந்தாய்வில் எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் முகம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கட்டணத்தை அரசே ஏற்பதால், முன்பு டிப்ளமோவோடு நின்றிருக்கக்கூடியவர்கள் பி.இ. வகுப்பில் உட்காருகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்த அப்படியொரு மாணவரிடம் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கேட்டேன். புத்தகத்தில் உள்ள ஆங்கில வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். “சரிப்பா, சூடான களி ஆறிப்போகுது. ஆறின களி தானா ஏன் சூடாக மாட்டேங்குது?” என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அது எல்லாத்துக்கும் தெரியுமேங்க சார், அதுக்கு எதுக்கு ஒரு சட்டம்?” என்று திருப்பிக் கேட்டார்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய தலைகள் முட்டி மோதிக்கொண்டிருந்த கேள்வி அது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எண்ணால் எழுத முடியுமா என்று போராடித்தானே கிளாசியஸ் என்ட்ரோபி என்ற சொல்லை 1865-இல் உண்டாக்கினார்? அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு இரண்டு பீரியட் களியைப் பற்றியே பேசினோம். பாடத்திட்டத்தில் நான் பின்தங்கிவிட்டேன் என்று பதிவேட்டில் சிவப்பு மையில் குறிப்பு விழுந்தது. அந்தக் குறிப்பு நியாயமானதுதான். 10 இரண்டு மதிப்பெண் கேள்விகள், 5 பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி என்று தேர்வு வந்து நிற்கும்போது களி கை கொடுக்காது.

தொழிற்கூடத்தின் நிலை இன்னும் மோசம். முதலாண்டு மாணவர்கள் எல்லாரும், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் உட்பட, வெல்டிங், தச்சு, குழாய் வேலை, தகட்டு வேலை செய்து பார்க்க வேண்டும். எங்களிடம் வெல்டிங் அறைகள் நான்கு. ஒரு பேட்சில் முப்பது பேர். ஒரு பிள்ளைக்குக் கையில் எலக்ட்ரோடு பிடிக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களை ரெக்கார்ட் நோட்டில் எழுத இரண்டு மணி நேரம் ஆகும். ஆசிரியர்-மாணவர் விகிதம் முன்பு 1:15 என்றிருந்ததை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 1:20 என்று தளர்த்தியது. அந்த விகிதத்தையும் தாளில் மட்டும் காட்டும் கல்லூரிகள் உண்டு. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தபோது, அதைப் படித்து வியந்தவர்கள் கல்லூரிகளுக்கு வெளியே இருந்தவர்கள் மட்டும்தான்.

இரண்டாம் தாள், ஆராய்ச்சி. இங்கே நானும் கூண்டில் ஏற வேண்டும்.

2015-இல் அறிவிக்கப்பட்டு 2016 முதல் கல்லூரிகளின் தரவரிசையை வெளியிட்டுவரும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப், பொறியியல் கல்லூரிகளுக்கான மதிப்பீட்டில் கற்பித்தலுக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30 சதவீதம் என்று எடை வைத்திருக்கிறது. பார்க்கச் சமநிலைபோலத் தெரியும். ஆனால் கற்பித்தல் பக்கத்து எண்கள் மெதுவாகத்தான் நகரும். ஆசிரியர்களைச் சேர்க்க வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஆய்வகத்துக்குச் செலவழிக்க வேண்டும். ஆராய்ச்சி எண்ணை ஏற்ற ஒரு சுற்றறிக்கை போதும்: ‘ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு ஸ்கோபஸ் கட்டுரை, ஒரு காப்புரிமை. இன்கிரிமென்ட் இதைப் பொறுத்தது.’ இப்படியொரு சுற்றறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் விளைவாக, நான் ஒரே ஒருமுறை படித்துப் பார்த்த கட்டுரை ஒன்றில் நான்காவது ஆசிரியராக என் பெயரும் இருக்கிறது. அதில் உள்ள வரைபடங்கள் எப்படி வந்தன என்று இன்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதற்கு நேரெதிராக, என் முனைவர் பட்ட வேலை ஆறு வருடம் இழுத்தது. பிரேக் லைனிங் தேய்மானம். சுழலும் இரும்புத் தட்டின்மேல் ஒரு சின்னக் கட்டையை அழுத்தி வைத்து, எத்தனை மைக்ரான் தேய்கிறது என்று அளக்கும் வேலை. ஒரு வருடம் முழுக்க எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை. கடைசியில், மழைக்காலத்தில் எடுத்த அளவுகளும் கோடையில் எடுத்த அளவுகளும் கலந்து கிடந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. காற்றின் ஈரம் உராய்வை மாற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடத்தின் ஆண்டறிக்கையில் என் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்றுதான் பதிவாகியிருக்கும். நான் ஆராய்ச்சி என்று ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது அந்த ‘இல்லை’ வருடத்தில்தான்.

ஆண்டுக்கு இத்தனை என்று கேட்டால் சந்தை அத்தனையும் தரும். உலகம் முழுவதும் 2023-இல் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000-க்கும் அதிகமானவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. கட்டுரை தயாரித்து விற்கும் ஆலைகளும் நண்பருக்கு நண்பர் சான்றளிக்கும் மதிப்பீடும் சேர்ந்து உண்டாக்கிய சரிவு அது. கட்டுரைகளைத் திரும்பப் பெற்றால் மதிப்பெண் குறையும் என்று என்ஐஆர்எஃப் இப்போது சொல்கிறது. வரவேற்கலாம். ஆனால் அது திருடன் பிடிபட்ட பிறகு போடும் அபராதம். வீட்டைத் திறந்து போட்டது யார் என்பது வேறு கேள்வி.

மூன்றாம் தாள், புத்தாக்கம். இதுதான் இப்போது எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. கல்வி அமைச்சகத்தின் ஏற்பாட்டில் கல்லூரிதோறும் புத்தாக்க மன்றம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நடத்த வேண்டிய நிகழ்ச்சிகளுக்கு நாட்காட்டி இருக்கிறது. நடத்திப் படம் ஏற்றினால் நட்சத்திரம் கிடைக்கும். 36 மணி நேரம் தூங்காமல் நிரல் எழுதும் ஹேக்கத்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதில் உற்சாகமாகத்தான் கலந்துகொள்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை அந்த நிரல் எங்கே போனது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது.

பிறகு காப்புரிமை. காப்புரிமைக் கட்டணத்தில் கல்வி நிறுவனங்களுக்கு 80 சதவீதம் சலுகை 2021-இல் வந்தது. நல்ல நோக்கம். 2014-15-இல் இந்தியாவில் பதிவான காப்புரிமை விண்ணப்பங்கள் சுமார் 43,000. 2023-24-இல் அது 90,000-ஐத் தாண்டிவிட்டது. இதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால் பொதுமக்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு நுணுக்கமும் இருக்கிறது. விண்ணப்பம் ‘வெளியிடப்படுவது’ வேறு, காப்புரிமை ‘வழங்கப்படுவது’ வேறு. விண்ணப்பித்த எதுவும் சாதாரணமாகப் பதினெட்டு மாதம் கழித்து இதழில் வெளியாகிவிடும்; அவசரம் என்றால் படிவம் 9-ஐக் கூடுதல் கட்டணத்தோடு கொடுத்து முன்கூட்டியே வெளியிடச் செய்யலாம். அதில் யாரும் எதையும் சோதிப்பதில்லை. புதுமை இருக்கிறதா என்ற பரிசோதனையே அதற்குப் பிறகுதான் ஆரம்பம். நம் கல்லூரி வாசல்களில் மாலையும் சால்வையுமாகத் தொங்கும் ‘காப்புரிமை பெற்றார்’ பதாகைகளில் எத்தனை வழங்கப்பட்டவை, எத்தனை வெறுமனே வெளியானவை என்று அடுத்த முறை நின்று படித்துப் பாருங்கள்.

போன ஆடி மாதம் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. செயற்கை நுண்ணறிவு கொண்டு பயிர் நோய் அறியும் கருவிக்கான காப்புரிமை, எட்டுக் கண்டுபிடிப்பாளர்கள், ஆறு இடம் நிரம்பிவிட்டது, இரண்டு இடம் காலி, முதல் பெயருக்கு ஒரு விலை, கடைசிப் பெயருக்கு ஒரு விலை. ஆம்னி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு விலை கூடுவதுபோல. கருவி எங்கே இருக்கிறது என்று பதில் போட்டேன். அந்த எண் என்னைத் தடை செய்துவிட்டது.

அதற்காக நிஜமான புத்தாக்கம் நம்மிடம் நடக்கவில்லையா? நடக்கிறது. 2024 மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் கிளம்பியது. முப்பரிமாண முறையில் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சின். எரிபொருள் பக்கம் விமான மண்ணெண்ணெய், மறுபக்கம் திரவ ஆக்சிஜன். சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த நிறுவனம், 2017-இல் தொடங்கியது. தொடங்கியதிலிருந்து ராக்கெட் கிளம்பும்வரை ஏழு வருடம். கிளம்புவதற்கு முன் நான்கு முறை ஏவுதல் கைவிடப்பட்டது. அதில் ஒருமுறை கடைசி நொடிகளில். அவர்களுக்குத் தோள் கொடுத்தது எரிதல் பற்றி அந்த வளாகத்தில் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஆய்வு. அந்த ஆய்வு நடந்த ஆய்வகத்தை யாரும் இந்த ராக்கெட்டை விடுவதற்காகக் கட்டவில்லை. தீ எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ளக் கட்டினார்கள். இந்த ஏழு வருடங்களில் முதல் நாலு வருடத்துக்கு எங்கள் படிவத்தை நீட்டியிருந்தால் அவர்கள் எதை எழுதியிருப்பார்கள்?

இன்னும் பழைய உதாரணம் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி சி-12 ராக்கெட்டில் ரிசாட்-2 உடன் விண்ணுக்குப் போன 40 கிலோ செயற்கைக்கோள். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலும் அதற்கான வேலை நடந்தது. தொடக்கத்தில் அதில் உழைத்த மாணவர்கள் அது ஏவப்படுவதற்குள் பட்டம் வாங்கி வேலைக்கும் போய்விட்டிருப்பார்கள். ஒரு பேட்ச் விட்ட இடத்தில் அடுத்த பேட்ச் எடுத்தது. செடி வைத்தவன் ஒருவன், தண்ணீர் ஊற்றியவன் இன்னொருவன்.

இதே அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரி பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். 1794-இல் சென்னையில் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலிக்க நிலத்தை அளக்க வேண்டியிருந்தது. அளக்க ஆள் வேண்டியிருந்தது. கம்பெனியின் நோக்கத்தைப் பாராட்ட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் என்பதும் வேலை என்பதும் ஒன்றுதான். சங்கிலியை இழுத்து அளந்தவன்தான் மாணவன். தப்பாக அளந்தால் வயல்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். அதைவிடக் கறாரான வெளித் தேர்வாளர் உண்டா?

எனக்குப் படுவது இதுதான். மூன்று தாள்களில் ஆண்டுக் கணக்குக்குள் அடங்கக்கூடியது ஒன்றே ஒன்று, கற்பித்தல். ஆகஸ்டில் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு ஏப்ரலில் எது கைவந்தது என்று ஒரு வருடத்துக்குள் பார்த்துவிட முடியும். பார்க்கவும் வேண்டும். ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அவை ஐந்து வருடம், ஏழு வருடம் என்று போகிறவை. நாமோ நேர்மாறாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஆண்டுக்கு ஆண்டு எண்ண முடியாததை எண்ணிக்கொண்டு, எண்ண வேண்டியதை ஒரு தேர்ச்சி விகிதத்தோடு முடித்துவிடுகிறோம்.

எண்ணவே கூடாது என்று சொல்லவில்லை. எண்ணாத காலம் பொற்காலமும் அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒரு கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறதா என்பதே பெற்றோருக்கு உள்ளே போய்ப் பணம் கட்டிய பிறகுதான் தெரியும். ஆய்வுக் குழு வரும் நாளைக்கு மட்டும் லேத்துகள் வாடகைக்கு வந்திறங்கிய கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம். தரவரிசையும் அங்கீகாரமும் வந்த பிறகு அந்த அளவுக்குத் துணிச்சல் குறைந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எல்லாக் கல்லூரியும் ஆராய்ச்சிக் கல்லூரியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்த மாநிலத்தில் ஆராய்ச்சிக்கு ஆளும் கருவியும் பணமும் உள்ள இடங்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம், கால்விரல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நூற்றுக்கணக்கான கல்லூரிகள், ‘நாங்கள் நன்றாகச் சொல்லித்தரும் கல்லூரி’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வழி வேண்டும். அப்படிச் சொன்னால் தரவரிசையில் இறங்கிவிடுவோம் என்ற பயம்தான் நாலாவது ஆசிரியர் பெயருக்கு விலை போட வைக்கிறது. அங்கீகாரக் குழு வரும்போது அறை நிறைய அடுக்கி வைத்த கோப்புகளைப் புரட்டுவதற்குப் பதில், மூன்றாம் ஆண்டு வகுப்பிலிருந்து குலுக்கலில் ஐந்து பேரை அழைத்து, ‘இந்தத் தண்டை லேத்தில் கடைந்து காட்டு, இந்த மோட்டார் ஏன் சுற்றவில்லை என்று பார்’ என்று சொல்லட்டும். ஒரு மணி நேரத்தில் கல்லூரியின் லட்சணம் தெரிந்துவிடும்.

இறுதியாண்டு புராஜெக்டையும் அந்த ஆண்டோடு மூடிவிட வேண்டியதில்லை. சீனியர் விட்ட இடத்திலிருந்து ஜூனியர் தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் குறைந்த மதிப்பெண் கிடைக்காது என்று விதி எழுதினால் போதும். இப்போதைய விதிப்படி அது ‘ரிப்பீட் டாபிக்’. வைவாவுக்குப் பேராசிரியரோடு சேர்த்து ஒரு பவுண்டரிக்காரரையோ தறி மெக்கானிக்கையோ உட்கார வைக்கலாம். ‘இதில் புதுமை என்ன?’ என்று அவர் கேட்க மாட்டார். ‘இது எத்தனை நாள் தாங்கும்?’ என்றுதான் கேட்பார். ஆண்டறிக்கையிலும், மூன்று வருடத்துக்கு முன் செய்த புராஜெக்டுகள் இன்று என்ன ஆயின என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். முதல் சில வருடம் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு மணி மூன்றரை. மூன்று தாளையும் நிரப்பிவிட்டேன். கடைசியில் ‘பிற தகவல்கள்’ என்றொரு கட்டம் உண்டு. பொதுவாக அதில் கோடு போட்டுவிடுவோம். இந்த முறை தறிக் கருவியைப் பற்றி நாலு வரி எழுதினேன். எங்கே தோற்றது என்பதையும் சேர்த்தே எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தர உறுதிப்பாட்டுப் பிரிவிலிருந்து பதில்: ‘சார், ப்ரூஃப் வேண்டும். ஜியோ டேக் செய்த போட்டோ.’

பையனுக்குப் போன் போட்டேன். வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே அப்பாவுக்குத் தறியில் ஒத்தாசையாக இருக்கிறாராம். பின்னால் தறிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

“தம்பி, உங்க கருவி எங்கிட்டதான் கெடக்குது. வந்து எடுத்துட்டுப் போறியா?”

“அது அங்கியே இருக்கட்டுங்க சார். நான் வேற ஒண்ணு செஞ்சு மாட்டீட்டேன். தறி ஆடறப்ப தானா கம்பியத் தேய்க்கற மாதிரி பழைய பல் பிரஷ் ஒண்ணு கட்டியிருக்கேன்.”

“நிக்குதா?”

“காலைல இருந்து நாலு தடவ நின்னுச்சுங்க. மூணு நெசமா அறுந்தது. ஒண்ணு சும்மா.”

“அறுந்தும் நிக்காதது?”

கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணுங்க சார். பஞ்சுதான்.”

போட்டோ ஒன்று வேண்டும், இடம் தெரியும்படி எடுத்து அனுப்பு என்றேன். தறியை நிறுத்தியா, ஓடும்போதேயா என்று கேட்டார். ஓடும்போதே எடு என்றேன்.

“ஓடறப்ப எடுத்தா மசமசன்னுதானுங்க சார் வரும்,” என்றார்.